மன்றத்துக்கு அம்மா ஆக்கிய முதல் சாப்பாடு

அன்றைக்குப் பெருமுக்கல் மலைக்கு வந்தவர்கள் இவர்கள்தான்.

பெரிய சார். ஹைஸ்கூலில் சரித்திரம் நடத்தினார். மன்றத்துக்குத் தலைவர்.

சார் வீட்டம்மா. நெற்றியில் விபூதி. மன்றத்தில் சேராதவர். சாருக்குச் சர்க்கரை வியாதி. தனியாக விட்டால் கண்டதையும் தின்பார் என்று கூடவே வருவார்.

தையல்காரர். மன்றத்துக்குச் செயலாளர்.

தபால்காரர். எங்களைப் போலக் காலனிக்காரர். வேதக்காரக் குடும்பம். அவர் மட்டும் கோயிலுக்கும் போக மாட்டார், சர்ச்சுக்கும் போக மாட்டார்.

கோட்டக்குப்பத்து பாய். குவைத்தில் இருந்துவிட்டு வந்து துணிக்கடை வைத்தவர்.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா.

காலேஜ் பையன்கள் ரெண்டு பேர்.

அப்பா.

அம்மா. முதல் தடவை.

அம்மா இடுப்பில் தம்பி. அப்புறம் நான். நாலாவது படித்தேன்.

எண்பத்தி மூணோ நாலோ இருக்கும். மன்றம் திண்டிவனத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் இருந்தது. மாசத்தில் கடைசி ஞாயிறு நாலரைக்குக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை நாலரை என்றால் ராகு காலம். வேண்டுமென்றேதான் வைத்தார்கள். ராகு காலத்தை அவ்வளவு சரியாகப் பார்த்தவர்கள் ஊரில் வேறு யாரும் இல்லை. நாலு இருபத்தெட்டுக்கு எல்லாரும் வந்துவிட்டாலும் பெரிய சார் ரெண்டு நிமிஷம் காத்திருப்பார்.

சாமி வேண்டாம், சாதி வேண்டாம், ஜோசியம் வேண்டாம், மனுசனுக்கு மனுசன் போதும். இதுதான் அவர்கள் பேச்சு. ஒருத்தர் பேசுவார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அப்புறம் டீ. மூணு மாசத்துக்கு ஒரு தரம் மாடியை விட்டுவிட்டுக் காலையிலேயே கிளம்பி ஏரிக்கரை, மலை என்று நடப்பார்கள். நடந்து முடித்ததும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பாடு ஒவ்வொரு தரமும் ஒரு வீட்டு முறை.

அப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கினார். ஒரு ஞாயிறு சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனவர், மேலே பேச்சு கேட்கிறதே என்று மாடிப்படியில் உட்கார்ந்தார். அடுத்த மாசமும் படியில்தான் உட்கார்ந்தார். மூணாவது மாசம் பெரிய சார் இறங்கி வந்து கையைப் பிடித்து மேலே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார். தன் பக்கத்து நாற்காலி. அதை அப்பா வீட்டில் வந்து ஒரு தரம்தான் சொன்னார். ஆனால் அன்றையிலிருந்து கடைசி ஞாயிறு என்றால் அவருக்குக் காய்ச்சல்கூட வராது.

மன்றத்தில் ரெண்டு சட்டம் இருந்தது. ஒன்று, யாரும் யாரையும் வா போ என்று கூப்பிடக்கூடாது. வாங்க போங்கதான். இன்னொன்று, சாப்பாட்டைப் பற்றிப் பேசக்கூடாது. நல்லதும் பேசக்கூடாது, கெட்டதும் பேசக்கூடாது. அதற்குக் காரணம் உண்டு. தபால்காரர் வீட்டு முறை வந்தபோது யாரோ ஒருத்தர், "பரவால்லியே, உங்க வீட்லகூட நல்லாத்தான் ஆக்கறாங்க" என்று சொல்லிவிட்டார். அவர் மனசில் ஒன்றும் இல்லை. ஆனால் தபால்காரர் மூணு மாசம் மாடிப்பக்கம் வரவில்லை. பெரிய சார் போய் அழைத்து வந்தார். அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள். போட்டதைச் சாப்பிட வேண்டும், இலையில் மிச்சம் வைக்கக்கூடாது, பேசக்கூடாது.

அப்புறம் எங்கள் வீட்டு முறை வந்தது.

அம்மா முடியாது என்றாள். நாலு நாள் முடியாது என்றாள். அஞ்சாம் நாள் சொன்னாள்.

"ஒரு வாட்டி ஆக்கியாறேன். தின்னாங்கன்னா சரி. எவளாவது எவனாவது மூஞ்சிய சுளிச்சாங்க, அத்தோட முடிஞ்சுது. நானும் வரமாட்டேன். நீயும் அந்த மாடி ஏறக்கூடாது."

அப்பா "சரி" என்றார். அவர் சரி என்றால் சரிதான். மாற்றமாட்டார்.

அம்மா கை கருவாட்டுக் குழம்புக்குப் பேர் போனது. காலனியில் கல்யாணம் என்றால் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் மன்றத்தில் மீன் தின்னாதவர்களும் உண்டு என்று அப்பா சொன்னார். அதனால் கத்திரிக்காயும் மல்லாட்டையும் போட்ட புளிக்குழம்பு என்று முடிவானது.

விடிவதற்கு முன்னாலேயே அடுப்பு மூட்டினாள். நான் வெங்காயம் உரித்தேன். குழம்பு கொதித்தபோது, ருசி பார்க்கட்டுமா என்று கேட்டேன். தலையில் குட்டினாள்.

"நாம வாய் வெச்சத எடுத்துக்கினு போயி அவங்களுக்குப் போடறதா? கைய எடு."

அவளும் பார்க்கவில்லை. படையல் போடும்போதுதான் அம்மா ருசி பார்க்க மாட்டாள். சாமி இல்லை என்றவர்களுக்கும் அப்படியே ஆக்கினாள்.

அன்னக்கூடையில் சோறு, பெரிய தூக்கில் குழம்பு. மரக்காணம் பஸ்ஸில் ஏறினோம். பஸ்ஸில் மன்றத்துக்காரர்கள் எல்லாரும் அம்மாவுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். அம்மா உட்காரவில்லை.

மலையடியில் ஒரு புளியமரம். அம்மா சோற்றோடு அங்கேயே இருந்துவிட்டாள். சார் வீட்டம்மாவுக்கு முட்டி வலி. அவரும் இருந்துவிட்டார். மற்றவர்கள் ஏறினோம். மேலே கோயில் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் உள்ளே போகலாம், யாரும் கேலி செய்யக்கூடாது என்று சார் சொன்னார். யாரும் போகவில்லை. பாறைமேல் உட்கார்ந்து சார் மழை எப்படி வருகிறது என்று பேசினார். கடலிலிருந்து தண்ணீர் ஏறுவது, மேகமாவது, குளிர்வது எல்லாம்.

பாய் கேட்டார். "சார், கடலு எங்கூட்டுக்குப் பின்னாடியே கீது. எங்க ஊட்டாண்ட ஏறுற தண்ணி உங்க ஊருக்குப் போயி கொட்டுதே, இது இன்னா நியாயம்?"

சார்கூடச் சிரித்தார். அப்பா மடியில் நான் உட்கார்ந்திருந்தேன். அப்பா சிரிக்கும்போது அவர் வயிறு என் முதுகில் குலுங்கியது. அது ஞாபகம் இருக்கிறது.

இறங்கி வந்தபோது சார் வீட்டம்மா மரத்தின் வேர்மேல் உட்கார்ந்திருந்தார். அம்மா பத்தடி தள்ளித் தம்பியை இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஒக்காரு ஒக்காருன்னு நாலு வாட்டி சொல்லிட்டேன். ஒக்கார மாட்டேங்குது" என்று அந்தம்மா சாரிடம் முறையிட்டார். "அண்ணாந்து பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு."

"ஒக்காருங்கன்னு சொல்லணும்" என்றார் சார்.

"ஆமா, ங்க போட்டா மட்டும் ஒக்காந்துரப் போவுதா?"

அப்பாவுக்கு முகம் மாறியது. எனக்கு அப்போதே அந்தம்மாவைப் பிடிக்கவில்லை.

இலை போட்டார்கள். வரிசையாக உட்கார்ந்தார்கள். அம்மா பரிமாறினாள். பெரிய சாருக்கு முதல் இலை. கடைசி இலை சார் வீட்டம்மாவுக்கு. எனக்குச் சார் பக்கத்திலேயே இடம்.

நான் முதல் வாய் வைத்தேன்.

குழம்பில் உப்பில்லை.

கம்மி இல்லை. சுத்தமாக இல்லை. புளிப்பும் காரமும் மட்டும் தனித்தனியாக நாக்கில் நின்றது.

சாரைப் பார்த்தேன். ஒரு வாய் வைத்தார். கை ஒரு நொடி நின்றது. அப்புறம் இன்னொரு வாய் வைத்தார். பாயைப் பார்த்தேன். தண்ணீர் குடித்தார். தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். காலேஜ் பையன் ஒருத்தன் மற்றவனைப் பார்க்கத் திரும்பினான். தையல்காரர் முழங்கையால் இடித்தார். பையன் குனிந்துகொண்டான். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறந்தால் தோலை உரிப்பேன் என்ற பார்வை. நான் திறக்கவில்லை.

பேசக்கூடாது என்பதுதான் சட்டம். வாங்கிச் சாப்பிடலாம். அதனால் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க" என்றார் சார்.

"எனக்கும் தங்கச்சி. கொழம்பு தாராளமா ஊத்துங்க" என்றார் பாய்.

நர்ஸம்மா ரெண்டாம் தரம் வாங்கினார். தபால்காரர் வாங்கினார். அம்மா முகத்தில் முதலில் வெளிச்சம் வந்தது. ஓடி ஓடிப் போட்டாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடை குறைந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாரும் இலையைப் பார்த்தே தின்றார்கள். வேகமாகத் தின்றார்கள். அம்மா கரண்டியோடு வரிசைக்கு நடுவில் நின்றுவிட்டாள். ஏதோ தப்பு என்று தெரிகிறது, என்ன தப்பு என்று தெரியவில்லை. எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை.

கடைசி இலையிலிருந்து சத்தம் வந்தது.

"ஏம்மா, கொழம்புல உப்பே இல்லியே. மறந்துட்டியா?"

எல்லார் கையும் நின்றது.

"ஏய், சும்மா இரு" என்றார் சார். அவரும் வாங்க போங்கவை மறந்துவிட்டார்.

"நான் இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? இருவது வருசமா என் கொழம்புல ஒரு கல்லு உப்பு கொறைஞ்சா தட்டத் தள்ளிட்டுப் போற மனுசன், இங்க ரெண்டாம் வாட்டி வாங்கித் தின்றாரு. நர்ஸம்மா, இவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா பாருங்க."

"மன்றத்துல ஒரு தீர்மானம் இருக்குது."

"தீர்மானத்த ஊத்தி சோறு தின்ன முடியுமா?"

தையல்காரர் எழுந்து அம்மாவிடம், "நீங்க தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார். பாய், "நல்லாத்தான் தங்கச்சி இருக்குது" என்றார். அதுவும் சட்டப்படி தப்புதான். அப்பா எழுந்திருக்கவில்லை. இலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முடிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சார் வீட்டம்மா யாரையும் பார்க்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். காலேஜ் பையனை விரட்டினார். "டேய், ரோட்டு டீக்கடையில ஒரு கை உப்பு வாங்கியா. ஜல்தி ஓடு."

உப்பு வந்தது. அம்மா கையிலிருந்த கரண்டியை அந்தம்மா கேட்காமலே வாங்கினார். கல்லுப்பைத் தண்ணீரில் கரைத்துத் தூக்கில் ஊற்றிக் கலக்கினார். கரண்டியால் உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். மறுபடி நக்கினார்.

"நீ வழக்கமா கருவாட்டுக் கொழம்புதான் வெப்பியா?"

அம்மா தலையாட்டினாள்.

"அதான். கருவாட்டு உப்பே போதும்னு கை தானா நின்னுடுச்சு. எனக்கும் ஆயிருக்குது. எங்க மாமியா தூக்கி வாசல்ல ஊத்துனா." கரண்டியை அம்மாவிடம் நீட்டினார். "இந்தா, நீ பாரு."

அம்மா வாங்கவில்லை.

"பாருடி. நீ ஆக்குனது. நான் பாத்தா போதுமா?"

அம்மா வாங்கினாள். ரெண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டாள். சாரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். நக்கினாள்.

"இன்னும் ஒரு கல்லு போடலாங்கம்மா" என்றாள்.

"போடு."

போட்டாள். எல்லாரும் மூணாவது தரம் சாப்பிட்டார்கள். சார் வீட்டம்மா அம்மாவையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அம்மா உட்கார்ந்தாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஏழு பேர் நல்லவர்கள், எங்கள் மானம் போகக்கூடாது என்று உப்பில்லாததை விழுங்கினார்கள். ஒருத்தி எல்லார் முன்னாலும் கத்திவிட்டாள். அதுவும் வாடி போடி என்று. பஸ்ஸில் அந்தம்மா என்னை மடியில் உட்காரக் கூப்பிட்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு திண்டிவனம் வரைக்கும் நின்றே வந்தேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடந்தோம். அப்பா காலி அன்னக்கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். வாசலில் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"சொன்ன மாதிரியே வுட்டுடறேன். தையல்காரராண்ட நாளைக்குச் சொல்லிட்டு வர்றேன்."

அம்மா சாம்பல் எடுத்து வந்து அன்னக்கூடையைத் தேய்க்க ஆரம்பித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"அடுத்த கூட்டம் என்னிக்கு?"

அப்பா திரும்பிப் பார்த்தார்.

"அந்த அக்கா மாடிக்கும் வருமா, நடக்கறதுக்கு மட்டுந்தானா?"

"சொல்லிப் பாக்கறேன்" என்றார் அப்பா.

நான் பொறுக்காமல் கேட்டேன். "அந்தம்மா உன்ன எல்லாரு முன்னாடியும் திட்டுச்சே!"

"திட்டல. சொல்லுச்சு."

"மத்தவங்க எல்லாம் திட்டவே இல்லியே."

"ஆமா" என்றாள் அம்மா. "அவங்க சொல்லவே இல்ல."

அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு ரோஷம் இல்லை என்று நினைத்தேன். ரொம்ப வருசம் அப்படித்தான் நினைத்தேன்.

மன்றம் அதற்கப்புறம் ரெண்டரை வருசம் நடந்தது. பெரிய சாருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்ததும் நின்றுபோனது. கடைசியில் வருகை நோட்டு அப்பாவிடம் வந்தது. அப்பா போன பிறகு டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்குக் கையெழுத்து வராது. கைநாட்டுத்தான். பெருமுக்கல்லுக்குப் பிறகு உள்ள பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அம்மாவின் கைநாட்டை எண்ணினேன்.

இருபத்தேழு.