வாசமே இல்லாத கேஸ்

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மலேசியாவின் கோலா கெடாவில், மீன்பிடிப் படகுகள் வந்து நிற்கும் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய ஐஸ் பேக்டரியில் இது நடந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தக் காலைப் பொழுது எனக்கு மறக்கவில்லை.

நான் புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். ரப்பர் பால் வெட்டும் வேலை எனக்குப் பிடிக்கவில்லை. சுங்கை பட்டாணியில் ஒரு குளிர்சாதனப் பட்டறையில் சேர்ந்து, பத்து ஆண்டுகளில் நல்ல மெக்கானிக் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் தலைக்குள் கொஞ்சம் ஏறியும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஐஸ் பேக்டரி அம்மோனியாவில் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் ஐஸ் கட்டிகள் உறையும் தொட்டிகள். முன்பக்கம் மீன் வைக்கும் குளிர் அறை. இயந்திரம் கிழடாகிவிட்டது. மாதம் ஒருமுறையாவது எங்காவது கசியும். அம்மோனியா கசிந்தால் யாரும் சொல்லத் தேவையில்லை. மூக்கில் ஊசி இறங்கியது போல இருக்கும்; கண்ணில் தண்ணீர் கொட்டும். சுற்றிலும் வீடுகள் பெருகிவிட்டதால் ஊர்க்காரர்கள் புகார் மேல் புகார் செய்தார்கள். கடைசியில் தவுக்கே, அதாவது அந்தச் சீன முதலாளி, பழைய இயந்திரத்தைக் கழற்றிவிட்டுப் புது வகைக் கேஸில் ஓடும் இயந்திரத்துக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தார். அந்த வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. பொறுப்பு என்னிடம்.

இயந்திர அறையின் மூலையில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான ஒரு சிமெண்டுக் குழி இருந்தது. ஏழு படிகள் இறங்க வேண்டும். கேஸ் தொட்டியும் தண்ணீர் பம்பும் அதற்குள்தான். மீன் கூடைகள் கழுவும் தண்ணீருக்கான வால்வும் அங்கேதான் இருந்தது.

கூடை கழுவும் பெண்களில் மூத்தவர் ஓர் அக்கா. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் மெல்லிய கயிற்றில் ஒரு சிலுவை. தினமும் காலையில் வால்வைத் திறப்பது அவர் வேலை. அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். மேல் படியில் நின்று, கழுத்தை நீட்டி, இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்ப்பார். அம்மோனியா வாடை இல்லை என்று தெரிந்த பிறகுதான் கால் வைப்பார். ஒருமுறை அவர்தான் முதலில் மோப்பம் பிடித்துக் கத்தி, பேக்டரியில் இருந்த அத்தனை பேரையும் வெளியே ஓட வைத்தாராம்.

மூன்று வாரம் வேலை நடந்தது. அம்மோனியாவைத் தண்ணீர்ப் பீப்பாய்களில் கரைத்து எடுத்தோம். இரும்புக் குழாய்களை அறுத்துப் போட்டோம். புது இயந்திரம், புதுச் செம்புக் குழாய்கள், புது கேஸ். ஓடவிட்டபோது சத்தம்கூடக் குறைவாக இருந்தது. வாடை துளியும் இல்லை. தவுக்கே குளிர் அறைக்குள் போய் நின்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

அன்று தேநீர் நேரத்தில் எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். அக்காதான் கேட்டார்.

"தம்பி, இந்தக் கேஸு லீக் ஆனா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் சிரித்தேன். பக்கத்தில் இருந்த சிலிண்டரின் குழாயை லேசாகத் திறந்து, கையைக் குவித்துப் பிடித்து, எல்லார் முன்னாலும் மூக்கில் இழுத்துக் காட்டினேன்.

"பாருங்கக்கா, வாசமே இல்ல. மூக்குல புடிச்சாலும் ஒண்ணும் செய்யாது லா. இனிமே நீங்க படியில நின்னு மோப்பம் புடிக்க வேணாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. நான் அதற்குப் பதிலே சொல்லவில்லை; வேடிக்கை காட்டினேன்.

நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கேஸோடு வந்த தாளில் 'விஷமற்றது, தீப்பிடிக்காதது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அடைபட்ட இடங்களைப் பற்றி அதன் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்ததை நான் படித்தது எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான்.

பத்து நாள் போயிருக்கும். ஐஸ் சரியாக உறையவில்லை என்று காலையிலேயே பட்டறைக்கு டெலிபோன் வந்தது. வேனை எடுத்துக்கொண்டு போனேன். போய்ச் சேரும்போது பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. இயந்திரம் தானாக நின்றிருந்தது. அழுத்த மீட்டரைப் பார்த்தேன். முள் கீழே கிடந்தது. கேஸ் எங்கோ கசிந்துவிட்டது. கண்டுபிடித்து அடைத்துவிட்டு, புதிதாக ஏற்றிவிடலாம் என்று நிதானமாகக் கருவிப் பெட்டியைத் திறந்தேன். அவ்வளவு கேஸும் எங்கே போயிருக்கும் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அப்போது கூடை கழுவும் பெண் ஒருத்தி தண்ணீர் வராத ரப்பர் குழாயோடு வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அக்கா வால்வு தொறக்கக் கீழ போனாங்க. இன்னும் தண்ணி வரல. கூப்பிட்டாலும் கேக்கல."

குழிக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டாவது படியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கீழ்ப்படியில் அக்கா, சுவரில் சாய்ந்து சரிந்த மாதிரி கிடந்தார். ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வேறெதுவும் தோன்றவில்லை. ஓடி இறங்கினேன்.

அடுத்து நடந்ததைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், யாருக்கும் சரியாகப் புரியவைக்க முடிந்ததில்லை. மூச்சு முட்டவில்லை. இருமல் வரவில்லை. கண் எரியவில்லை. குனிந்து அக்காவின் தோளைப் பிடித்தேன். இரண்டு மூச்சு இழுத்திருப்பேன். கால்கள் என்னுடையவையாக இல்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தது நினைவிருக்கிறது. பிறகு ஒன்றுமே இல்லை. பயப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை.

கண் விழித்தபோது வெளியே ஈரச் சிமெண்டில் கிடந்தேன். மேலே வெயில். யாரோ கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டிருந்தார்கள். தலை வெடித்துவிடும் போல வலித்தது. வாந்தி எடுத்தேன்.

நடுவில் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் விழுந்ததைப் பார்த்து அந்தப் பெண் அலறியிருக்கிறாள். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு ஆட்கள் ஓடி வந்து குழிக்குள் குதிக்கப் போயிருக்கிறார்கள். படகுக்கு ஐஸ் எடுக்க வந்திருந்த ஒரு மலாய்க்காரர், ஐம்பது வயதுக்காரர், படியின் வாயில் குறுக்கே நின்று இரண்டு கைகளையும் விரித்து மறித்துவிட்டார்.

"ஜாங்கான் தூருன்! ஜாங்கான் தூருன்!"

இறங்காதே, இறங்காதே என்று அவர் கத்தியிருக்கிறார். கீழே இரண்டு உயிர் கிடக்கிறது, இந்த மனிதன் வழியை மறிக்கிறானே என்று ஓர் ஆள் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியும் இருக்கிறான். அவர் அசையவில்லை. படகுக் கயிற்றைக் கொண்டுவரச் சொல்லித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். இன்னொரு கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டார். தான் சாய்ந்தால் உடனே இழுக்கச் சொன்னார். வெளியே போய் நெஞ்சு நிறைய மூச்சு எடுத்து, அதை அடக்கிக்கொண்டு இறங்கினார். படகின் அடியில் முங்கி, சிக்கிய வலையை அறுத்துப் பழகிய ஆள் அவர். முதலில் அக்காவின் கைகளுக்கு அடியில் கயிற்றை மாட்டி மேலே அனுப்பினார். தானும் ஏறி வந்து, மறுபடி மூச்சு எடுத்து, எனக்காக இரண்டாவது முறை இறங்கினார்.

நான் மெல்லத் தலையைத் திருப்பினேன். கொஞ்ச தூரத்தில் அக்கா கிடந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அந்த மனிதர் இப்போது அவர் பக்கத்தில் மண்டியிட்டு, தண்ணீரில் மூழ்கியவர்களுக்குச் செய்வது போல நெஞ்சை அழுத்தியும் வாயில் ஊதியும் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் செபம் சொல்லி அழுதார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அக்காவிடமிருந்து ஓர் இருமல் வந்தது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தவுக்கே தன் காரிலேயே அவரை அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். என்னையும் கூடப் போகச் சொன்னார்கள். என்னால் எழுந்து நிற்க முடியவில்லை.

மதியம் எங்கள் பட்டறை முதலாளி வந்தார். கசிவு தேடும் சிறு விளக்கு ஒன்று எங்களிடம் உண்டு. அதன் தீ இந்தக் கேஸைக் கண்டால் பச்சையாக மாறும். அதைக் கொளுத்தி ஒரு கம்பியில் கட்டிக் குழிக்குள் இறக்கினார். முதல் படியிலேயே தீ பச்சையானது. நான்காவது படியைத் தாண்டியதும் பொசுக்கென்று அணைந்துவிட்டது. மேலே இழுத்து மறுபடி கொளுத்தி இறக்கினார். அதே இடத்தில் அணைந்தது.

தீ எரியக்கூடக் காற்று இல்லாத இடத்தில்தான் நான் குனிந்து நின்றிருக்கிறேன். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தது அத்தனையும் அந்தக் குழியில் தண்ணீர் மாதிரி தேங்கி, இருந்த காற்றை மேலே தள்ளிவிட்டது. விஷமே இல்லைதான். ஆனால் மூச்சுவிட அங்கே ஒன்றும் இல்லை.

மறுநாள் மின்விசிறி வைத்துக் குழியைக் காலி செய்த பிறகு கசிந்த இடத்தைக் கண்டுபிடித்தோம். செம்புக் குழாய் ஒன்று இயந்திரத்தின் அதிர்வில் மயிரிழை அளவுக்குப் பிளந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு பிடிப்புப் பட்டை போட வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். அடுத்த வாரம் வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று விட்டவன் நான்தான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் கணவர் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வந்தது. வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன்; அதற்குள் அவரே பேசினார்.

"மூணாவது படி எறங்கறப்பவே தலை கிறுகிறுன்னு வந்துச்சு தம்பி. மேல ஏறிடலாம்னுதான் திரும்பினேன். அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. கேஸு ஒண்ணும் செய்யாதே, காலையில பசியாறாம வந்தோமே, அந்த மயக்கம்தான் போலன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் படியில ஒக்காந்தா சரியாயிரும்னு ஒக்காந்தேன்."

குறை சொல்லும் குரலே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். அவர் வழுக்கி விழவில்லை. தப்பிக்கத் திரும்பிய பெண்ணை என் வார்த்தை உட்கார வைத்திருக்கிறது. அவர் கணவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"நீங்க ஏன் அழுவுறீங்க? நீங்களும்தானே விழுந்தீங்க" என்றார் அக்கா. அது இன்னும் மோசமாக இருந்தது.

அந்த வாரமே வால்வை மேலே கொண்டுவந்து வைத்தோம். குழியின் அடியிலிருந்து காற்றை வெளியே இழுக்கும் விசிறி போட்டோம். விசிறி ஓடாமல் யாரும் இறங்கக் கூடாது என்று நான்கு மொழியில் பலகை எழுதி மாட்டினேன். அக்கா இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். கூடைகளைத் தூக்க வலது கை ஒத்துழைக்காததால் அவரை மீன் நிறுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள்.

அந்த மலாய்க்காரரைத் தேடிப் படகுத்துறைக்குப் போனேன். நன்றி சொன்னதும் கையை வீசித் தள்ளிவிட்டார். கீழே காற்று இல்லை என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கையிலிருந்த வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார். இளவயதில் அவர் ஒரு பெரிய படகில் வேலை செய்தபோது, மீன் அழுகிக் கிடந்த அடித்தட்டுக்குள் அவர் அண்ணன் இறங்கி விழுந்தாராம். தூக்கப் போன தம்பியும் விழுந்தானாம். மூன்றாவதாக இறங்கப் போன இவர் சட்டையைப் படகோட்டி பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்துகொண்டாராம். இரண்டு உடல்களும் மேலே வரும்வரை அந்தப் படகோட்டியைத் திட்டிக்கொண்டே கிடந்தாராம். சொல்லி முடித்ததும் மறுபடி வலையை எடுத்துக்கொண்டார்.

எண்பதுகளின் கடைசியில் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். நாங்கள் அத்தனை ஆண்டுகள் பழுது பார்க்கும்போதெல்லாம் காற்றில் திறந்துவிட்ட இந்தக் கேஸ் வகைகள் மேலே போய் வானத்தின் ஓசோன் காப்புப் படலத்தையே அரிக்கின்றன, இனிமேல் சிலிண்டரில் திரும்பப் பிடித்துவையுங்கள் என்று அங்கே சொன்னார்கள். கூட இருந்த மெக்கானிக்குகள் பலர் நம்பாமல் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இந்தக் கேஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிடத் தெரியாதது அதிகம் என்பதை நான் கோலா கெடாவிலேயே பார்த்துவிட்டேன்.

இப்போதெல்லாம் என் வேலையைப் பற்றி யாராவது சந்தேகம் கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வாய் வருவதில்லை. என்னை நம்பிக் கேட்கிறவர் என் பதிலை நம்பியே ஓரிடத்தில் காலை வைக்கப் போகிறார் என்ற பயம் முதலில் வருகிறது, அந்தப் பயம் என்னை விட்டுப் போகக் கூடாது என்றே நினைக்கிறேன்.