ஒருவரும் சாகாத காணி

சமாதான காலத்தில் பாதை திறந்ததும் கனடாவிலிருந்து தங்கச்சி தொலைபேசி எடுத்தாள். தன் கல்யாணம் ஊரில்தான், அதுவும் மண்டபத்தில் இல்லை, மர நிழலில், கடற்காற்றில்.

"எங்கட வீட்டு வளவு இருக்குத்தானே" என்றேன்.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. எங்கள் வீட்டு விறாந்தையில்தான் எங்களைப் பெற்ற ஐயா ஷெல் பட்டு விழுந்தவர்.

"ஒருத்தரும் சாகாத இடமாப் பாருங்கோ அண்ணா. கிடைக்காட்டி கொழும்பில ஒரு மண்டபத்தை எடுப்பம்."

வேலணைத் தீவில் இருந்துகொண்டு தங்கச்சியைக் கொழும்பில் கட்டிக்கொடுத்தால் ஊர் என் தோலை உரித்துவிடும். பயத்தில், மனைவியின் தம்பியுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன்.

தீவில் இடத்துக்கா பஞ்சம்? ஆளில்லாத வளவுகள் எத்தனையோ. முதலில் பார்த்த மணல்வெளி படம் போல இருந்தது. நடுவில் மண்டையோடு கீறிய மிதிவெடிப் பலகை. "இங்க வைச்சா சனம் குறையும், சோறு மிஞ்சும்" என்றான் மச்சான். மற்ற இடங்களில் வாசல் படலைக்குச் சிரித்துக்கொண்டு வந்தவர்கள், "இங்க ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" என்று நான் கேட்டதும் முகம் மாறினார்கள். ஒரு பெரியவர் கிணற்றைக் கையால் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். "சரி, பிறகு வாறம்" என்று நழுவினேன். சந்தையில் பூச்சி குத்தாத கத்தரிக்காய் பொறுக்குகிறவனைப் போல, ஒவ்வொரு காணியையும் புரட்டிப் பார்த்து எறிந்துகொண்டு போனேன்.

மண்கும்பானில்தான் ஓர் அக்காவின் காணி கிடைத்தது. பனைகள், இரண்டு வேம்பு, பின்னால் கடல். தனியாக இருந்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"அக்கா, குறை நினையாதேங்கோ. இந்தக் காணியில ஒருத்தரும் சாகேல்லைத்தானே?"

"இல்லை."

வெட்டி விழுத்தியது போல வந்தது பதில். சந்தோஷத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. அன்றைக்கே கனடாவுக்குச் சொல்லிவிட்டேன்.

கல்யாணப் பந்தலுக்குக் கன்னிக்கால் நடுவதற்கு முதல்நாள், மச்சானோடு போய் ஈசான மூலையில் குழி தோண்டினேன். அலவாங்கு 'ணங்' என்று ஏதோ உலோகத்தில் பட்டது. அவ்வளவுதான். அலவாங்கை எறிந்துவிட்டு ஓடிப்போய்க் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் குப்புற விழுந்து, காதுகளைப் பொத்தி, தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டேன். மாதாவையும் விடவில்லை.

"மச்சான், வெடிச்சிட்டுதோ?"

"இல்லை அத்தான். நீங்கள் வேட்டியை விட்டிட்டு ஓடினனீங்கள்."

அக்கா குழிக்குக் கிட்டப் போய்க் குந்தினார். கையால் மண்ணை விலக்கினார். பித்தளை விளிம்பு தெரிந்தது.

"சோறு வடிக்கிற கிடாரம். அவர் மண்ணுக்குள்ள தாட்டது." எழும்பவில்லை. "தீவை விட்டு ஓடின அண்டு சாமான் எல்லாத்தையும் தாட்டவர். நான் பிள்ளையளோட முன்னால போனனான். எந்த இடமெண்டு அவருக்குத்தான் தெரியும். மண் பட்ட கையைக் கழுவக் கிணத்தடிக்குப் போனவரை ஆரோ கூட்டிக்கொண்டு போனதெண்டு சொல்லுகினம். இன்னும் வரேல்லை."

நான் அந்தக் கிணற்றடியில்தான் குப்புறக் கிடந்தேன். மெதுவாக எழும்பி வேட்டியைக் கட்டினேன். நான் கேட்ட கேள்விக்கு அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? 'ஓம்' என்றால் தன் வாயாலேயே புருசனைக் கொன்றதாக அல்லவா ஆகியிருக்கும்?

"அக்கா, எங்களால உங்களுக்குக் கரைச்சல் வேண்டாம். நாங்கள் வேற இடம்..."

"தம்பி, யோசிச்சுப் பாரும்." குரல் உயரவில்லை. "கால் நட வந்திட்டு நீர் இடத்தை மாத்தினீரெண்டா, சனம் என்ன சொல்லும்? அவர் செத்த இடம், அதுதான் விட்டிட்டினம் எண்டு சொல்லும். குழியை மூடும். அவர் வந்து கிண்டி எடுக்கட்டும். காலைக் கொஞ்சம் தள்ளி நடும்."

இரவு வரும்வரை தாமதித்துத் தங்கச்சிக்குச் சொன்னேன். ஏசுவாள் என்று பார்த்தேன்.

"அவவிட்ட எப்பிடிக் கேட்டனீங்கள் அண்ணா?"

சொன்னேன்.

"நான் சொல்லித் தந்த கேள்வி" என்றாள். அழுகிறாள் என்று விளங்கியது. "அங்கயே வைப்பம். நீங்களும் அண்ணியும் முறையாப் போய்க் கல்யாணத்துக்குச் சொல்லுங்கோ. ரெண்டு பேருக்கும் சொல்லுங்கோ."

காணிக்காரிதானே என்று அதுவரை அவருக்கு நாங்கள் அழைப்பே சொல்லியிருக்கவில்லை. மறுநாள் விடியவே போனோம். மனைவி சந்தனத்தட்டை நீட்டினாள். வாயால் சொல்லவேண்டியவன் நான். செத்த வீட்டிலும் சனத்தைச் சிரிக்க வைக்கிறவன் என்று எனக்கு ஊரில் பெயர். அன்றைக்குத் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"நீங்களும் அண்ணையும் கட்டாயம் வரோணும்."

"ஓம். வந்தாரெண்டாக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார் அக்கா. பிறகு மனைவியை இருக்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார்.