வலது எட்டு, இடது மூன்று

1938 ஆகஸ்ட் 10, புதன்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். கிணற்றில் பதினெட்டு வாளி இறைத்தேன். சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது. சரிசெய்து சாவி கொடுத்தேன். ஏழு மணிக்கு இட்லி, நான்கு. இவ்வளவும் அன்றைய டைரியில் இருக்கிறது. வழக்கமாக அடுத்த வரியில் ஆபீசுக்குப் புறப்பட்ட நேரம் இருக்கும். அன்று அந்த இடத்தில் 'அரை நாள் லீவு. மகளுக்கு எக்ஸ்ரே' என்று இருக்கிறது.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. தல்லாகுளத்தில் சர்வே ஆபீசில் படம் வரைபவனாக வேலை. மகளுக்குப் பதின்மூன்று நடந்துகொண்டிருந்தது. ஜூன் மாதத்திலிருந்து அவளுக்கு முழங்கால் சில்லு விலக ஆரம்பித்தது. குந்தி எழும்போதோ படியில் திரும்பும்போதோ சில்லு வெளிப்பக்கமாக ஓடும். அவள் அலறி முடிப்பதற்குள் தானாகவே திரும்பி வந்துவிடும். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால் கால் ஒன்றும் அறியாததுபோல் இருக்கும். நான் செய்யக்கூடியதைச் செய்தேன். ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், எந்தக் கால், என்ன செய்துகொண்டிருந்தாள் என்று டைரியில் குறித்தேன். ஆகஸ்டுக்குள் பதினொரு குறிப்புகள் சேர்ந்துவிட்டன.

பள்ளிக்கூடத்தில் ட்ரில் டீச்சர் இதை நம்பவில்லை. பெண் புதன்கிழமை ட்ரில்லுக்குப் பயந்து நடிக்கிறாள் என்று மேலே சொல்லிவிட்டார். தலைமையாசிரியையிடமிருந்து கடிதம் வந்தது: ஒரு வாரத்துக்குள் டாக்டர் சான்றிதழ் கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் பள்ளியை விட்டு விலகி, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

"எங்க அண்ணன் காளைக்கும் இப்படித்தான் சில்லு விலகுச்சு," என்றாள் என் மனைவி. அவளுக்கு அலங்காநல்லூர்ப் பக்கம். "படமா எடுத்துப் பார்த்தாரு? வேப்பெண்ணெயைத் தடவிவிட்டாரு, சரியாப் போச்சு."

"அந்தக் காளை ட்ரில் கிளாசுக்கா போகுது?" என்றாள் மகள். உடனே ட்ரில் டீச்சர் குரலில், "ஏ கடைசி வரிசை! கால் இருக்கா, இல்ல வீட்டுல வச்சுட்டு வந்துட்டியா?" என்று ஒரு அதட்டல் போட்டாள். அச்சாக அதே குரல். சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

ஊருக்குள் எக்ஸ்ரே இயந்திரம் வைத்திருந்த டாக்டரிடம் ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மேசைமேல் காலை நீட்டிப் படுக்கவைத்து, "ஆடாத பாப்பா," என்று சொல்லி, ஒவ்வொரு காலையும் முன்னாலிருந்து ஒரு படமும் பக்கத்திலிருந்து ஒரு படமும் எடுத்தார். இருட்டறையில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"அருமையான எலும்பு. ஒரு கோளாறும் இல்ல. பிள்ளைக்குக் கால்ல நோவு இல்லய்யா, ட்ரில்லுலதான் நோவு."

மகளின் முகம் சுருங்கிப்போனது. "நீட்டி வச்சா அது எங்கிட்டுப் போகும் டாக்டரய்யா? மடக்கும்போதுதான ஓடுது?"

எனக்கு வேறொரு குறை பட்டது. ஆபீசில் எதை வரைந்தாலும் மூன்று படம் வேண்டும். "ஐயா, முன்பக்கம் இருக்கு, பக்கவாட்டு இருக்கு. மேலேருந்து பார்த்த படம் இல்லையே? இந்த ரெண்டை மட்டும் கொண்டுபோனா எங்க மேலதிகாரி தூக்கி எறிஞ்சிருவாரு."

"என்னய்யா, தாலுகா கச்சேரியா கட்டப்போறோம்?" என்று டாக்டர் சிரித்தார்.

நான் பையிலிருந்து டைரியை எடுத்தேன். மகள் என் முழங்கையைப் பிடித்தாள். "அப்பா, டைரி எதுக்குப்பா? வாயால சொல்லுங்களேன், போதும்." கூச்சப்படுகிறாள் என்று நினைத்து, டைரியை டாக்டரிடம் நீட்டினேன்.

அவர் சத்தமாகவே வாசித்தார். "'ஜூன் 25, சனி, வலது. ஆற்று மணலில். முதுகில் சுமந்தேன், 412 தப்படி.' ஏன்யா, தப்படியுமா எண்ணினீரு?"

"பழக்கம் ஐயா."

"'ஜூலை 6, காலை 6.50, வலது. கோலம் போட்டு எழும்போது. விலகியிருந்தது மூன்று நொடி.' கடியாரத்தை வச்சா பார்த்தீரு?"

"தோராயம்தான் ஐயா. பக்கத்துல 'தோ.'ன்னு போட்டிருக்கேன் பாருங்க."

'தோ.'வைப் பார்த்ததும் டாக்டரின் சிரிப்பு குறைந்தது. உட்கார்ந்து, பதினொரு குறிப்பையும் இப்போது மனதுக்குள் படித்தார். ஓர் இடத்தில் நின்று, மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே படித்தார். பிறகு எழுந்தார்.

"அநேகமா எல்லாம் கால் மடங்கத் தொடங்குற நேரம். நல்லா மடக்கிட்டா சில்லு பள்ளத்துல எறங்கி உக்காந்துரும். அதனால கொஞ்சமா மடக்கிவச்சு, உம்ம இஷ்டப்படி மேலேருந்து பார்ப்போம். வெளிநாட்டுப் பத்திரிகை ஒண்ணுல இப்படி எடுத்ததைப் படிச்சிருக்கேன். இங்க எடுத்துப் பார்த்ததில்ல."

இரண்டு காலும் ஒரே அளவு மடங்க வேண்டும் என்றார். என் பையில் படம் வரையும் முப்பது டிகிரி மூலைமட்டம் இருந்தது. முழங்காலுக்குக் கீழே தலையணை கொடுத்து, மூலைமட்டத்தை ஒட்டிவைத்து இரண்டு காலையும் நானே சரிபார்த்தேன். படத்தகட்டைத் தொடைமேல் மகளே பிடித்துக்கொண்டாள். பாதத்தின் பக்கமிருந்து எக்ஸ்ரே கதிர் வந்தது; நிற்கிற காலானால் அது மேலும் கீழுமாகப் பார்ப்பது.

இந்தப் படத்தில் இரண்டு முழங்காலும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. தொடையெலும்பின் முனை இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமுமாகத் தெரிந்தது. சில்லு அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும் என்றார் டாக்டர். இடதில் அப்படியே உட்கார்ந்திருந்தது. வலதில் பள்ளமே ஆழமில்லை. சில்லு சாய்ந்து, வெளிப்பக்க மேட்டில் பாதி ஏறியிருந்தது.

"நெசம்தான்யா! பிள்ளை சொன்னது நெசம்," என்றார் டாக்டர். மேலிருந்து பார்த்த படம் என்னுடைய யோசனை என்பதை அவர் ஒரு தடவையாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் மகள் பக்கம் திரும்பிவிட்டார். அவளுடைய இடது சில்லை விரலால் தள்ளிப் பார்த்தார். அது அசைந்துகொடுக்கவில்லை.

"பாப்பா, ஒங்க அப்பா டைரியில வலது எட்டு தடவை, இடது மூணு தடவை. இந்த இடது சில்லு சொந்த வீட்டுக்காரன் மாதிரி உக்காந்திருக்கே. மூணு தடவை எங்க போயிட்டு வந்துச்சு?"

விளக்குப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மூணு நாளும் ட்ரில் டாக்டரய்யா. வெயிலு. நொண்டுற அவசரத்துல எந்தக் காலுன்னு மறந்துருச்சு. டீச்சர் இடதைப் பார்த்துட்டாங்க. வீட்டுலயும் அதையே சொல்ல வேண்டியதாப்போச்சு. அப்பாதான் எந்தக் காலு, எந்தக் காலுன்னு கேட்டாங்களே."

ஆக, பொய்யைத் தூண்டியவன் நான். டாக்டருக்கு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு.

"வலது காலுக்கு நான் எழுதித் தாரேன். குதிக்கக் கூடாது, குந்தக் கூடாது. கணுக்கால்ல மணல் மூட்டை கட்டி, காலை நீட்டித் தினம் தூக்கணும், காலையில இருபது, சாயங்காலம் இருபது. இடது காலுக்கு நீயே போய் டீச்சர்ட்ட சொல்லிரு. இன்னிக்கே. சொல்லலைன்னா இன்னொரு காயிதம் எழுதுவேன்."

மத்தியானம் ஆபீசுக்குப் போனேன். ஐந்தரைக்கு மகள் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். ட்ரில் டீச்சர் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. வழியில் மூன்று தடவை, "நாளைக்குப் போகலாமேப்பா," என்றாள்.

டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தார். மகள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரே மூச்சில் சொன்னாள்: "டீச்சர், வலது நெசம், இடது பொய். எட்டு நெசம், மூணு பொய். மன்னிச்சுக்குங்க."

டீச்சர் படத்தை வெகுநேரம் பார்த்தார். சான்றிதழையும் இரண்டு தடவை படித்தார்.

"நீ இடது காலை இழுத்துக்கிட்டு மைதானத்த விட்டுப் போன. கேட்டைத் தாண்டுனதும் வலது கால நொண்டுன. இதப் பார்த்தா யாருடி நம்புவா?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "நெசமாவே வலிச்ச அன்னிக்கும் ஒன்ன ஓடவிட்டேனே."

"ரெண்டு ரவுண்டு டீச்சர்."

"வாயைப் பாரு. காயிதத்த நானே பெரிய டீச்சர்ட்ட குடுக்கிறேன். நீ பள்ளிக்கூடத்துலயே இருப்ப. குதிக்க வேணாம். ஆனா மூணு பொய்க்கு மூணு புதன்கிழமை, வெயில்ல முன்னால நின்னு நீதான் நம்பர் சொல்லணும். என் குரல்ல நல்லாச் சொல்லுவியாமே?"

என் மகள் வாயடைத்து நின்றதை நான் பார்த்தது அன்றுதான். நேரம் ஐந்து ஐம்பத்திரண்டு.

மறுநாள் காலை, வாளியைத் தொடும் முன்பே டைரியையும் சிவப்பு மையையும் எடுத்துவைத்து மகளை எழுப்பினேன். அவள் மணல் மூட்டையைக் கட்டிக் காலைத் தூக்க, நான் இடது காலின் மூன்று குறிப்புகளுக்கும் பக்கத்தில் 'பொய்' என்று எழுதினேன். மூன்றாவது குறிப்பின் மை காயும்போது அவள் எண்ணிக்கையை ஒன்பதில் நிறுத்தினாள்.

"அப்பா. வலதுலயும் ஒண்ணு இருக்கு."

"எது?"

"ஆத்து மணல். அன்னிக்குச் சில்லு ஒண்ணும் விலகலப்பா. மணலு சுட்டுச்சு."

நான் பக்கத்தைத் திருப்பினேன். 'வலது' என்பதை அடித்தேன். பக்கத்தில் 'மணல் சூடு' என்று எழுதினேன். முதுகில் சுமந்தேன், 412 தப்படி என்பதை அடிக்கவில்லை. அது சரியான கணக்கு.

"பத்து," என்றேன். அவள் காலைத் தூக்கினாள்.