நோன்பு மாதமும் ஆயிரத்தைந்நூறு மீட்டரும்

தொடக்கக் கோட்டில் நின்று கைகால்களை உதறிக்கொண்டிருந்தேன். ஓர் அதிகாரி பக்கத்தில் வந்து, "கோச்சுங்கள்லாம் கயித்துக்கு வெளிய நிக்கணுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் திரும்பி முதுகில் குத்தியிருந்த எண்ணைக் காட்டினேன். எண்ணைப் பார்த்தார், காதோரம் நரைத்திருந்த என் தலையைப் பார்த்தார், கையிலிருந்த தாளில் தேடினார். பிறகு நகர்ந்துவிட்டார். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. என்னோடு ஓட வந்தவர்களில் மூத்தவனுக்கே இருபத்தாறுதான் இருக்கும்.

தஞ்சாவூரில் நடந்த மாநில அளவிலான போட்டி அது. ஆயிரத்தைந்நூறு மீட்டர். எதிரே படிக்கட்டில் என் காக்கா உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். துபாயிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்தார். அவருடைய சட்டைப் பையில் என் பாஸ்போர்ட் இருந்தது. முதல் மூன்று இடங்களில் ஒன்றில் வராவிட்டால் ஓட்டத்தை விட்டுவிட்டு அவரோடு விமானம் ஏறுகிறேன் என்று வாக்குக் கொடுத்து, நானே எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட். முந்தைய இரண்டு வருடங்களும் நாலாவதாகவும் ஐந்தாவதாகவும் வந்திருந்தேன். பேரம் பேச என்னிடம் வாய் இல்லை.

பேராவூரணியிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் எங்கள் ஊர். மீசை முளைத்த கையோடு பாஸ்போர்ட் எடுக்கிற ஊர். தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு மாடி வீடு எழுந்தது, முக்குக்கு முக்கு எஸ்.டி.டி. பூத் வந்தது, வீட்டுக்கு வீடு கலர் டிவி வந்தது. ஆண்களை மட்டும் காணோம். என் வயதில் ஊரோடு தங்கியவர்களை இரண்டு கை விரல்களில் அடக்கிவிடலாம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் தஞ்சாவூரில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் நிக்காஹ் சாட்சிக்கு நான், ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்க நான், மின்சார ஆபீஸில் சண்டை போட நான். அதிகாலையில் கால்சட்டையோடு ஓடினால், "என்னப்பா இந்த ஓட்டம், கப்பல் கெளம்பிடுச்சா?" என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே ஓடிவிடுவேன். உள்ளுக்குள் எரியும்.

காக்காவுக்கு என் மேல் கோபமெல்லாம் கிடையாது. கவலை. வருடம் தவறாமல் போனில் அதே கேள்வி: "ஓடி ஓடி எங்கதான்டா போய்ச் சேரப் போற?" ஓடும்போது மட்டும்தான் நான் யாருக்கும் தம்பியாகவோ மகனாகவோ ஊருக்குப் பொதுவான ஆம்பளையாகவோ இல்லாமல் நானாக இருந்தேன். இதைக் காசு போட்டுப் பேசுகிற போனில் எப்படிச் சொல்வது?

தஞ்சாவூரில் எங்கள் ஆறு பேருக்கு ஒரே பயிற்சியாளர். கெட்ட மனுஷர் இல்லை, பிடிவாதக்காரர். "ஒரு நாள் விட்டா மூணு நாள் பின்னாடி போயிடுவ" என்பது அவருடைய வேதம். அக்கா கல்யாணத்துக்கு ஐந்து நாள் போன ஒரு பையனை, "மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி அங்கயே இருந்துக்க" என்று சொல்லி அணியிலிருந்தே எடுத்துவிட்டார். அதனால் எனக்கு இருபத்தொரு வயதில், சித்திரை வெயிலில் ரமலான் வந்தபோது, நோன்பு வைத்திருப்பதை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது நினைத்தால் என் முட்டாள்தனத்துக்கு நானே தலையில் குட்டிக்கொள்ளலாம். மாலை நாலு மணிக்கு நானூறு மீட்டர் பத்து முறை. நடுநடுவே அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். வாங்கித் திரும்பி நின்று தலையில் ஊற்றிக்கொள்வேன். குளுக்கோஸ் பொடியைக் காகிதத்தில் மடித்துத் தருவார். வாயில் போடுவதுபோல் கையை உயர்த்திக் கால்சட்டைப் பையில் தள்ளிவிடுவேன். ஒருநாள் ஏழாவது சுற்றில் அந்தப் பைக்குள் எறும்பு புகுந்துவிட்டது. அன்றைக்கு நான் ஓடிய வேகத்தைப் பார்த்து அவர், "இப்பதான்டா ஃபார்முக்கு வந்திருக்க" என்று முதுகில் தட்டினார்.

இருபதாவது நோன்பில் இடது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி தொடங்கியது. பெருநாள் தொழுகைக்கு நொண்டிக்கொண்டுதான் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எலும்பில் மயிரிழை அளவுக்கு விரிசல் என்றார். நாலு மாதம் ஓடக்கூடாது. அன்றுதான் பயிற்சியாளரிடம் உண்மையைச் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. நோன்பு வைத்ததற்காகத் திட்டவில்லை, மறைத்ததற்காகத் திட்டினார். "அடுத்த வருஷம் அந்த ஒரு மாசம் கிரவுண்டு பக்கமே வராத. வந்தா நானே காலை உடைப்பேன்."

அடுத்த வருடம் போகவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. மாலையில் அஸர் தொழுதுவிட்டு, நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, புது ஆற்றங்கரையில் இருபத்தைந்து நிமிடம் மெதுவாக ஓடுவேன். சைக்கிளில் புல்லுக்கட்டு ஏற்றிவருகிறவர்கள்கூட என்னை முந்திக்கொண்டு போவார்கள். ஓடி முடித்துக் குளித்துப் பள்ளிவாசலுக்குப் போனால் கஞ்சி. விடுமுறையில் ஊருக்குப் போனால் கஞ்சியோடு எண்ணெயில் பொரித்த இறால் வாடாவும் இருக்கும். ஒளிப்பானேன், அந்த மாதம் எடை கூடித்தான் போனது.

பெருநாள் கழித்துத் திரும்பியபோது முதல் இரண்டு வாரம் நெஞ்சு அடைத்தது. பயிற்சியாளர் என் வயிற்றைப் பார்த்து உச்சுக்கொட்டினார். ஏழாவது வாரம் நடந்த போட்டியில் என் பழைய நேரத்தைவிட மூன்று நொடி குறைத்து ஓடினேன். தற்செயல் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கடுத்த வருடமும் அதே கதை. அதற்கும் அடுத்த வருடமும்.

எங்கள் ஆறு பேரில் உண்மையான திறமைசாலி ஒரு சீர்காழிக்காரன். அவன் ஓடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையில் வயிறு வலிக்கும். ஒருநாள்கூட லீவு எடுக்காதவன். காய்ச்சலோடு ஓடுவான், மழையில் ஓடுவான், குதிகால் நரம்பு வீங்கிய பிறகும் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடுவான். இருபத்தாறு வயதில் அந்த நரம்பு அறுந்தது. சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு மட்டும் ஒண்ணும் ஆவலையேடா" என்றான். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. நாலு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய பதில் என்பதால் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி இன்றைக்கும் போகவில்லை.

அதற்குப் பிறகு தெரிந்தே செய்தேன். நோன்பு மாதம் முழுக்க மெதுவோட்டம் மட்டும். ஆறு மாதம் கழித்து இன்னொரு பத்து நாள் ஷூவையே தொடமாட்டேன். முப்பது தாண்டியதும் கடும் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்தேன். மற்ற நாள்களில் பக்கத்தில் வருகிறவனோடு கதை பேசிக்கொண்டே ஓடுகிற வேகம்தான். இதெல்லாம் மார்க்கத்தின் பரக்கத், இறைவனின் அருள் என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். ஒரு மாத ஓய்வில் எலும்பும் நரம்பும் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன என்று நான் நினைத்தேன். இரண்டுக்கும் எனக்குள் சண்டை வந்ததே இல்லை.

நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். சித்திரையிலிருந்து பங்குனி, மாசி, தை என்று நகர்ந்து, காக்கா லீவில் வந்த அந்த வருடம் அடைமழைக் காலத்தில் வந்தது. ஆற்றங்கரை முழுக்கச் சேறு. இருந்தாலும் விடாமல் இருபத்தைந்து நிமிடம் ஓடினேன். போட்டி நடந்தபோது சுற்று வட்டாரத்தில் சம்பா அறுவடை தொடங்கியிருந்தது.

துப்பாக்கி வெடித்தது. முதல் இரண்டு சுற்றும் யாரும் முன்னால் போகத் துணியவில்லை. எட்டாவதாக உள்பக்கக் கோட்டை ஒட்டியே ஓடினேன். மூன்றாவது சுற்றில் திருச்சிப் பையன் ஒருவன் பிய்த்துக்கொண்டு போக, கூட்டம் சிதறியது. மைக்கில் ஒருவர், "அனுபவசாலி வீரர் பின்தங்குகிறார்" என்றார். அனுபவசாலி என்றால் கிழவன் என்று அர்த்தம். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. முந்நூறு மீட்டர் மிச்சம் இருந்தபோது வெளிப்பக்கம் ஒதுங்கி வேகத்தைக் கூட்டினேன்.

கால் சொன்னபடி கேட்டது. அதுதான் அன்றைய அதிசயம். எட்டாவதாக இருந்தவன் ஆறாவதானேன், பிறகு நாலாவதானேன். வளைவில் காக்கா எழுந்து நிற்பது தெரிந்தது, சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். நூறு மீட்டர் மிச்சத்தில் மூன்றாவது. போதும், வாக்கு காப்பாற்றப்பட்டது, இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்தின் மேல் எனக்கு வந்த எரிச்சல்தான் என்னை அடுத்தவனைத் தாண்ட வைத்தது. திருச்சிப் பையன் கடைசிப் பத்து மீட்டரில் திரும்பிப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. நாடாவை என் நெஞ்சுதான் அறுத்தது.

தரையில் விழுந்து கிடந்தேன். அழுதேன், சிரித்தேன், வாந்தியும் எடுத்தேன். பத்து வருடத்துக்கு முந்தைய என் சிறந்த நேரத்தைவிட ஒரே ஒரு நொடிதான் கூடுதல். முதலில் வந்து தூக்கிவிட்டவர் பயிற்சியாளர். தலை முழுக்க நரைத்திருந்தது அவருக்கு. கையில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருந்தார்.

"அடுத்த வருஷம் நோன்பு என்னைக்குடா ஆரம்பிக்குது?"

"ஏன் சார்?"

"பசங்க பன்னெண்டு பேரு இருக்கானுவ. ஒருத்தனும் நோன்பு புடிக்கிறவன் இல்ல. இருந்தாலும் அந்த மாசம் எல்லாத்துக்கும் மெதுவோட்டம்தான்னு முடிவு பண்ணிட்டேன். தேதிய சொல்லு, ஷெடியூல்ல எழுதணும்."

"பிறை பார்த்துத்தான் சார் சொல்லுவாங்க."

"பிறை பார்த்துன்னு ஷெடியூல்ல எழுத முடியுமா?" என்று கத்தினார். பிறகு அப்படியேதான் எழுதிக்கொண்டார். சீர்காழிக்காரன் இதைப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

காக்கா மெதுவாகப் படியிறங்கி வந்தார். துபாயில் பத்தொன்பது வருடம் நின்றே வேலை பார்த்தவர், முழங்கால் சரியில்லை. பக்கத்தில் வந்து என் வியர்வையைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு என் கையில் வைத்தார்.

"பத்திரமா வச்சிக்கடா. ஹஜ்ஜுக்குப் போவ உதவும்."