நாரி மிதித்த கால்

போன மாதம் மன்னார் ஆஸ்பத்திரியில், முதுகு நோவுக்குப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபி பிள்ளை என்னைக் குப்புறப் படுக்கவைத்துவிட்டுக் கேட்டது.

"அன்ரி, வீட்டில ஆரையும் ஏறி மிதிக்க விட்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. நான் மிதிக்கிற ஆள்."

பிள்ளை என் உடம்பை ஒருதரம் பார்த்தது. என்னிடம் மிதிபட்டவர்களுக்காக மனதுக்குள் ஒரு செபம் சொல்லியிருக்கும்.

ஆனால் நான் சொன்னது உண்மை. எட்டு வயதில் வங்காலையில் நான் ஒரு வைத்தியர். அதற்குப் படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் காலை முதலில் வெளியே நீட்டியிருந்தேன், அவ்வளவுதான். அடிமுதுகை நாங்கள் நாரி என்போம். காலால் பிறந்த பிள்ளை மூன்று விடியல் மிதித்தால் நாரிப்பிடிப்பு விட்டுவிடும் என்பது ஊரின் நம்பிக்கை. காலைப் பூசை முடிந்து வருகிறவர்கள் எங்கள் முற்றத்துப் பாயில் குப்புறப் படுப்பார்கள். வலது காலால் மிதிப்பேன். முனகிக்கொண்டு எழும்பி, பரவாயில்லை என்பார்கள், பிஸ்கற் தருவார்கள். என்னைக் கணக்குப் புள்ளிகளை வைத்து எடைபோட்டவர் ரீச்சர் ஒருவர்தான். அவருக்கும் ஒருநாள் நாரி பிடித்தது.

அந்த வருடம் அப்பாவுக்குப் பிடித்தது. கரைவலை இழுக்கையில் கயிற்றோடு குனிந்தவர் நிமிரவில்லை. நாட்டு வைத்தியரான பரியாரியின் எண்ணெய் பூசினார்கள். நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தார்கள். கடைசியில் ஆஸ்பத்திரி. டொக்டர் அப்பாவின் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, முள்ளந்தண்டில் சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றாராம். மூன்று மாதம் பாரம் இழுக்காமல், மெல்ல நடந்து, சொன்ன பயிற்சியைச் செய்தால் வெட்டாமலே நோ மாறும். வலை இழுத்தால் காலுக்கு உத்தரவாதம் இல்லை. அம்மா இதை எல்லோருக்கும் சொன்னார். எனக்கு அது தொழில் அவமானமாக இருந்தது.

"வீட்டுக்க டொக்டரை வச்சுக்கொண்டு ஏன் அக்கா ஆஸ்பத்திரிக்கு அலையிறியள்?" என்று பக்கத்து வீட்டு மாமியும் கேட்டுவைத்தார். அம்மா அசையவில்லை. ஒருநாள் விடிய அவர் மீன் வாங்கப் போன நேரம் பார்த்து அப்பாவின் பாயடிக்குப் போனேன்.

"வேண்டாம் மகள்."

"மூண்டு நாள்தானே அப்பா."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் குப்புறப் புரண்டார். முதல் நாள் பல்லைக் கடித்தார். இரண்டாம் நாளும் அதேதான். ஊருக்கெல்லாம் நோ மாறுகிறது, அப்பாவுக்கு மட்டும் மாறவில்லை. அழுத்தம் போதவில்லை என்று முடிவெடுத்தேன். மூன்றாம் நாள் கதிரையில் ஏறி, அங்கிருந்து நாரியில் குதித்தேன்.

அப்பா பாயின் ஓரத்தைக் கசக்கிப் பிடித்திருந்தார். அதை விடாமலே சொன்னார்.

"விட்டிட்டுது மகள். இனிக் காணும், மிதிக்க வேண்டாம்."

நான் அங்கே நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சொன்னேன், கோயிலடியில் சொன்னேன், கடற்கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களிடமும் சொன்னேன். பின்னேரமே வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி எங்கள் வாசலில் நின்றார்.

"மகள் மாத்திப்போட்டாவாமே. இழுக்க ஆள் காணாது. நாளைக்கு வாறீர்தானே?"

"டொக்டர் மூண்டு மாதம் எண்டவர்," என்றார் அம்மா உள்ளே இருந்து.

சம்மாட்டி சிரித்தார். "அப்ப பிள்ளை பொய் சொல்லித் திரியுதோ?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"இல்லை. வாறன்," என்றார்.

மறுநாள் வலை பாதி கரைக்கு வருமுன்னே விழுந்துவிட்டார். நாலு பேர் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டிப் பார்த்தார்கள், பிந்திவிட்டதாம். இடது கால் அதன்பின் அவர் சொல்லைக் கேட்கவில்லை. இடுப்புக்குக் கீழே சும்மா கிடந்தது. என் வைத்தியம் பலித்ததென்றும், அப்பாதான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொண்டார் என்றும் நான் வகுப்பில் விளக்கம் சொன்னேன்.

சில கிழமைகள் கழித்து, ஒரு மனிசி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா முகம் கொடுக்காமல் குசினிக்குள் போய்விட்டார். அப்பாதான் உள்ளே கட்டிலில் கிடந்தபடி சொன்னார்.

"மிதிச்சு விடு மகள். பாவம், நொந்துகொண்டு நடந்தெல்லோ வந்திருக்கிறா."

மிதித்தேன். மனிசி எழும்பி நாலடி நடந்து பார்த்தார்.

"நல்ல சுகம். கைராசி மாதிரி உனக்குக் கால்ராசி," என்றார்.

அப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டுமே என்று உள்ளே ஓடினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தார். முடியவில்லை. முழங்கையை மடித்துக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டார். வெயில் கண்ணில் குத்துகிறதாக்கும் என்று நினைத்து, நான் போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.