இடது கைகள்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பயிற்சி ஆசிரியைக்கு வைத்த பெயர் மைக்செட். பெற்றவர்கள் வைத்ததைவிட அதுதான் பொருத்தம். அவள் ரகசியம் பேசினாலே பக்கத்து வகுப்பு குறிப்பெடுத்துக்கொள்ளும்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே மருந்துக்கடையில் பில் போட்டவள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு டீச்சர் ஆசை வந்தது. போன வருடம் கற்பித்தல் தேர்வுக்கு வந்தவர், "வகுப்பில் உயிரில்லை" என்று ஃபெயில் போட்டுவிட்டார். இந்த முறையும் கோட்டைவிட்டால் மறுபடி பில்தான்.

"பயப்படாத," என்றான் கணவன். "போனா தலைவலி மாத்திரையாவது சும்மா கிடைக்கும்." அவன் ஆறுதல் சொல்கிற லட்சணம் அது.

உயிருக்கு என்ன செய்வது? தேர்வுக்கு முதல் நாளே பிள்ளைகளோடு ஒப்பந்தம் போட்டாள்.

"கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. வலது கையதான் எழுப்புவேன்."

"பாதி தெரிஞ்சா டீச்சர்?"

"எதையாவது தூக்கித் தொலைடா!"

மறுநாள் மதிப்பெண் போட வந்த மேடம் கடைசி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தார். பாடம் பின்னம். கேட்ட கேள்விக்கெல்லாம் வகுப்பே கையைத் தூக்கியது. ஜோர்தான்.

"மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசா?"

தூக்கியதில் முக்கால்வாசி இடது கை. மைக்செட் ஒரு வலது கையை எழுப்பி, சரியான பதிலை வாங்கி, சபாஷ் சொல்லி, அடுத்த கணக்குக்குத் தாவினாள். ஜன்னலோரச் சிறுமி மட்டும் மணி அடிக்கிறவரை இடது கையை இறக்கவேயில்லை. சொன்ன சொல் தவறாத பிள்ளை.

ஆசிரியர் அறையில் மேடம் பேனாவை மூடி வைத்தார். "முதல்ல நீங்களே பத்துக்கு மார்க் போடுங்க. ஏன்னும் சொல்லணும்."

எட்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த ஒல்லிக் கை கண்ணுக்குள் நின்றது.

"மூணு, மேடம்."

"ஏன்? எல்லாக் கையும் மேலதானே இருந்துச்சு?"

ஒப்பந்தத்தைச் சொன்னாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் குரல் கம்மியது. "புரியலன்னு அத்தனை கை சொல்லுச்சு. பார்த்துட்டேதான் தாண்டிப் போனேன்."

மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஏமாத்தினதுக்கு மார்க் குறைப்பேன்."

"சரிங்க."

"அடுத்து அவங்களுக்கு என்ன பீரியட்?"

"விளையாட்டு."

"கேட்டு வாங்குங்க. நானும் வர்றேன்."

விளையாட்டைப் பறிகொடுத்த வகுப்பு சாபம் விட்டது. மைக்செட் அதே கேள்வியை மறுபடி கேட்டாள்; அதே இடது கைகள் எழுந்தன. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலோரச் சிறுமி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எங்க புரியலம்மா?"

"நாலுதானே டீச்சர் மூணைவிடப் பெருசு?"

"ஒரு கேக்கை மூணு பேரு பிரிச்சுக்கறீங்க. நாலாவதா நானும் வந்து உட்கார்றேன். உன் துண்டு என்னாகும்?"

சிறுமி யோசித்தாள். "சின்னதாயிடும்... நீங்க வராதீங்க டீச்சர்!"

வகுப்பு சிரித்தது. பல இடது கைகள் தாமாகவே இறங்கின. சில இறங்கவில்லை; அங்கெல்லாம் போய் உட்கார்ந்தாள்.

மேடம் போட்டது ஐந்து. ஐந்துதான் பாஸ்.

வீட்டில் செய்தி கேட்ட கணவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "அப்போ இனிமே மாத்திரைய காசு குடுத்துதான் வாங்கணுமா?"