சிரித்த முகத்துக்கு ஒரு டிக்

"வேலை செய்யும்போது என்ன பாட்டு பாடுவீங்க?" என்று பாட்டு டீச்சர் கேட்டபோது எங்கள் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கான பதில் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதனால் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி என்மேல்தான். மீதியை யார்மேல் எவ்வளவு வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

பழவேற்காடு ஏரியில் எங்கள் பெண்கள் இறால் பிடிப்பது வலையால் அல்ல, கையால். தோணிரேவு ஊருக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குந்தினாற்போல நகர்ந்துகொண்டே, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவிப் போகவேண்டும். விரலில் துள்ளுவதை அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போடவேண்டும். பறி என்பது பனையோலையில் முடைந்த கூடை. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பிடிக்க வாயைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை. அதன் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் தடவுவார்கள். இறால் சேரச் சேர பறி கனக்கும். ஆகவே நல்ல பாடு, அதாவது நிறைய இறால், கிடைத்த நாளில்தான் தாடை அதிகம் வலிக்கும். இதில் எங்கே பாடுவது?

எங்களுக்கு வேலைப்பாட்டு கிடையாது. இந்த ஒரு வரியை அன்றைக்கே நான் சொல்லியிருக்கவேண்டும்.

நான் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து அண்ணன் வீட்டில் இருப்பவள். பன்னிரண்டாவது வரை படித்திருந்ததாலும், மகளிர் குழுவில் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்ததாலும், சென்னையிலிருந்து வந்த ஒரு அறக்கட்டளை என்னை உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் என்று வைத்துக்கொண்டது. கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். கலை மூலமாக உடல்நலமும் மனநலமும் என்று பேனரில் போட்டிருந்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை மத்தியானமும் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் கூடத்தில் பெண்கள் உட்கார்ந்து பாடவேண்டும், கை தட்டவேண்டும், சில வாரம் சுவரில் படம் வரையவேண்டும். பாடினால் மனசு லேசாகும், உடம்பு வலி குறையும் என்று முதல் நாள் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அட்டை மாட்டியிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். அது வீண் வேலை இல்லை. பாட்டு டீச்சர் இருபத்தைந்து வயதுப் பெண். பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரோடும் தரையில் உட்காருவாள். வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த இரண்டு பெண்கள் ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். என் அண்ணிக்கோ அந்தக் கூடம் என்றால் உயிர். அண்ணிக்கு நல்ல குரல். அவளுக்குக் குரல் என்று ஒன்று இருப்பதே அந்தக் கூடத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை என்றால் சீக்கிரம் கரையேறி, தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு ஓடுவாள். அண்ணன் கிண்டல் செய்தால், "உனக்கு இன்னா வந்துச்சு" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

பிறகுதான் அறக்கட்டளையின் மேலாளர், தலைமுறை தலைமுறையாக வந்த வேலைப்பாட்டு ஒன்று வேண்டும் என்று போனில் என்னைக் கேட்க ஆரம்பித்தார். இருக்கும், எங்கேயோ மறைந்திருக்கும், நீங்கள்தான் தோண்டி எடுக்கவேண்டும் என்றார். இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. மற்ற ஊரிலெல்லாம் இருக்கிறதாமே, நமக்கு மட்டும் இல்லாமல் போனால் என்ன நினைப்பார்களோ என்று ஒரு கேவலமான கௌரவம். அண்ணியிடம் போய், ஏதாவது ஒன்று கட்டிக் கொடு என்றேன். அவள் இறால் உரித்துக்கொண்டே, மத்தியானத்துக்குள் எட்டு வரி கட்டிவிட்டாள். ஏரி வற்றக்கூடாது, முகத்துவாரம் மூடக்கூடாது, பறி நிறையவேண்டும் என்று நன்றாகவே இருந்தது. மேலாளருக்கு ஒரே சந்தோஷம். மூதாதையர் பாட்டு என்று எழுதிக்கொண்டார். அன்றைக்கு அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தோ பாரு, என் சின்னவன விட அந்தப் பாட்டுக்கு வயசு கம்மி" என்றாள்.

அந்தப் பாட்டைப் பழகும்போதுதான் டீச்சர், வாயை நன்றாகத் திறந்து பாடவேண்டும் என்று மூன்று விரலை நெட்டாக வாய்க்குள் வைத்துக் காட்டினாள். எல்லோரும் வைத்துப் பார்த்தார்கள். ஒருத்திக்கு இரண்டு விரல் போனது. அண்ணிக்கு ஒன்றரை விரல்தான். தாடை டக் என்று சத்தம் போட்டது எனக்கே கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள், அண்ணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் கேட்டேன். அது எறா தடவுற எல்லாருக்கும் இருக்கிறதுதான் என்று பேச்சை முடித்துவிட்டாள். அது உண்மையும்கூட. எல்லோருக்கும் இருப்பதால் அது ஒரு நோய் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது மாதத்திலிருந்து மாதக் கடைசியில் ஒரு தாள் வரும். அழுத முகத்தில் ஆரம்பித்துச் சிரித்த முகம் வரை ஐந்து முகங்கள் வரிசையாகப் போட்டிருக்கும். தூக்கம் எப்படி, மனசு எப்படி, உடம்பு வலி எப்படி என்று கேள்விகள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் முகத்தில் டிக் போடவேண்டும். உடம்பு வலி என்ற கேள்வி வந்ததும் அண்ணி என் கையைத் தட்டினாள்.

"சிரிச்ச மூஞ்சியிலயே போடு. பாவம், அந்தப் பொண்ணு எவ்ளோ தூரத்துலருந்து வருது. வலிக்குதுனு போட்டா அது மனசு நோகாதா?"

போட்டேன். அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும் அப்படித்தான். எங்கள் பக்கம் வீடு தேடி வந்தவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்டால், பட்டினியாகவே கிடந்தாலும் ஆச்சு என்றுதான் சொல்லுவோம். வந்து, தரையில் உட்கார்ந்து, நாங்கள் கொடுத்த டீயைக் குடித்து, எங்களோடு பாடிய ஒரு பெண்ணிடம், உன் பாட்டால் என் வலி போகவில்லை என்று எந்த வாயால் சொல்லுவது? மூன்று மாதம் மூன்று தாள். உடம்பு வலி என்ற இடத்தில் எல்லாத் தாளிலும் சிரித்த முகம். அத்தனை டிக்கும் என் கையால் போட்டது.

ஆறாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மேலாளர் கூடத்துக்கு வந்தார். நிறைவு விழா பழவேற்காட்டில் ஒரு மண்டபத்தில் நடக்கப்போகிறது, சென்னையிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள் என்றார். லேப்டாப்பைத் திறந்து கலர் கலராக ஒரு படம் காட்டினார். யாரும் பழகாத முதல் வாரத்தில் கேட்டு எழுதிக்கொண்ட இடத்திலிருந்து, உடம்பு வலி என்ற கோடு சர்ரென்று கீழே இறங்கியிருந்தது. அதைக் காட்டிக்கொண்டே, சாதாரணமாக, பல் டாக்டரைக் கூட்டி வருவதாக ஒரு யோசனை இருந்ததையும், வலி குறைந்துவிட்டதால் அது தேவைப்படவில்லை என்பதையும் சொன்னார்.

எந்தப் பல் டாக்டர் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அண்ணியின் வாயைப் பார்த்த வாரமே, இவர்களுக்குத் தாடையைக் காட்ட ஒரு முகாம் வைக்கவேண்டும் என்று டீச்சர் எழுதிக் கொடுத்திருக்கிறாள். தாள்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அவர் வைத்திருக்கிறார். தாள்கள் எல்லாம் சிரித்ததால் முகாமை எடுத்துவிட்டு அந்த நாளை விழா ஒத்திகைக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. தாடை எலும்பு தேய்கிறதற்குப் பாட்டு மருந்தா என்று கத்தினேன். கழுத்து அட்டையைக் கழற்றி அவர் லேப்டாப்மேல் போட்டேன். அவர் கத்தவில்லை. படித்தவர். தாளைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்.

"நீங்கதானேம்மா டிக் போட்டீங்க?"

அந்த ஆள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்றுவரை என் வயிற்றெரிச்சல். ஆனால் அதற்காக அவரை விட்டுவிட நான் தயாரில்லை. ஆறு மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், பெண்கள் கரையேறும் நேரத்துக்கு அவர் ஏரிக்கரையில் வந்து நின்றிருக்கலாம். பறியை வாயிலிருந்து எடுத்ததும் யாரும் பேசமாட்டார்கள். இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டுத்தான் முதல் வார்த்தை வரும். அதைப் பார்த்த எந்த மனுஷனுக்கும் தாள் தேவைப்படாது. எங்கள் பாட்டு வேண்டும், எங்கள் சிரிப்பு வேண்டும், எங்கள் கையால் வரைந்த மீன் வேண்டும். நாங்கள் செய்கிற வேலையைப் பார்ப்பது மட்டும் யாருக்கும் வேண்டாம். நான் வெளியேறியபோது டீச்சர் வாசல் வரை என் பின்னால் வந்து, நான் எழுதிக் கொடுத்தேன் அக்கா என்று தணிந்த குரலில் சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

விழாவுக்குப் போகாதே என்று அண்ணியிடம் சொன்னேன். போவேன் என்றாள். பாடப் பிடித்திருக்கிறது, அதை ஏன் கெடுக்கிறாய் என்று கேட்டாள். விழா அன்று நானும் போனேன். மண்டபத்தில் பின்வரிசையில் நின்றேன். நூற்றாண்டு காலப் பாட்டு என்று மைக்கில் அறிவித்தார்கள். அண்ணி பாடினாள். திறக்கிற ஒன்றரை விரல் அகலத்துக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய குரல் வந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நேராக முன்னால் போய் அந்த மைக்கைப் பிடுங்கவேண்டும் போல இருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

மறுநாள் அவள் வழக்கம்போல ஏரியில் இறங்கினாள். நல்ல பாடு. மத்தியானம் கரையேறியபோது தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, வாய் திறக்கவும் இல்லை, சரியாக மூடவும் இல்லை. அண்ணன் உப்பை வறுத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். இரண்டு நாள் கொடுத்தோம். பேச்சு வருகிற அளவுக்கு இறங்கியது. மூன்றாம் நாள் காலையில் நான் யாரையும் கேட்கவில்லை. அவளைப் பஸ்ஸில் ஏற்றிப் பொன்னேரிக்குப் போய், ரயில் பிடித்துச் சென்னையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரயில் அனுப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டும்வரை, இன்னாத்துக்கு இதெல்லாம், சரியாப் போச்சு என்று முனகிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் இளவயதுப் பெண். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, எவ்வளவு நாளாக வலிக்கிறது என்று கேட்டாள். அண்ணி அந்தப் பெண்ணைப் பார்த்து அழகாகச் சிரித்தாள்.

"அவ்ளோலாம் ஒண்ணும் இல்லம்மா. பரவால்ல."

எனக்கு வந்த கோபத்தில் நான் போட்ட சத்தம் வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

"வலிக்குதுனு சொல்லு அண்ணி. யார் மனசும் நோகாது. சொல்லு."

டாக்டர் என்னைத் தடுக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அண்ணி குனிந்து புடவைத் தலைப்பை விரலில் சுருட்டினாள். பிறகு, டாக்டரைப் பார்க்காமல் சொன்னாள்.

"சின்னவன் பொறந்ததுலருந்து வலிக்குதும்மா. சோத்த மெல்ல முடியாது. கரைச்சிக் குடிச்சிடுவேன்."

சின்னவன் இப்போது பத்தாம் வகுப்பு. இத்தனை வருஷமாக நானும் அவளும் ஒரே பானையிலிருந்துதான் சாப்பிடுகிறோம். எங்கள் அண்ணிக்குக் கஞ்சி என்றால் உயிர், சோறே வேண்டாம் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.